கூடையில் தொங்கிய முன்சீப்: அரசுப் பணியில் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் லட்டு டப்பாவோடு வந்தாள். குரூப் 2 தேர்ச்சி. நாலு வருஷமாக ராத்திரி பதினொரு மணி வரை அவள் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்தவன் நான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டப்பாவை என் கையில் வைத்துவிட்டு, "அப்பாடா, இனிமேல் புஸ்தகத்தைத் தொட வேண்டாம் மாமா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. அவளிடம் சொல்ல நினைத்ததை உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

நான் கோர்ட்டில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து சிரஸ்தாராக, அதாவது கோர்ட்டு அலுவலகத்தின் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன். 33 வருஷம். சிரஸ்தார், முன்சீப், அமீனா, தாசில்தார், ஜமாபந்தி, பசலி என்று நம் அலுவலகங்களில் புழங்குகிற சொற்கள் பலவும் அரபியிலும் பாரசீகத்திலும் பிறந்து, வட இந்தியக் கச்சேரிகளில் உருதுவோடு புழங்கி நம்மிடம் வந்தவை. நமக்கு அவை அன்னியமாகவே தோன்றுவதில்லை. அதனால்தான் சையது அகமது கானின் வாழ்க்கையை முதன்முதலாகப் படித்தபோது, யாரோ நம் ஆபீஸ்காரர் கதையைப் படிக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

முஸ்லிம்களிடையே நவீனக் கல்வியைப் பரப்ப அவர் தொடங்கிய அலிகர் இயக்கம் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி படித்துத் தேர்வு எழுதியிருப்பீர்கள். அந்தப் பத்தியில் இல்லாத ஆளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

1817ல் டெல்லியில் பிறந்தவர். தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, மொகலாய அரசர் இரண்டாம் அக்பர் ஷாவுக்கு அமைச்சராக இருந்தவர். 1838ல் அப்பா இறந்தார். அரண்மனையிலிருந்து குடும்பத்துக்கு வந்துகொண்டிருந்த பணம் பெரும்பாலும் நின்றுபோனது. வேலைக்குப் போயாக வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம் உறவினர்களுக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் டெல்லி கோர்ட்டில் சிரஸ்தாராகச் சேர்ந்தார். அடுத்த வருஷம் ஆக்ராவில் கமிஷனர் அலுவலகத்தில் நாயப் முன்ஷி, அதாவது துணை எழுத்தர். முன்சீப், அதாவது கீழ்க்கோர்ட்டு சிவில் நீதிபதி, வேலைக்கான தேர்வுக்குப் படிக்கும்போது சிவில் சட்ட விதிகளைச் சுருக்கி ஒரு கையேடு தயாரித்தார். அண்ணனும் அவருமாகப் பயன்படுத்தியது என்பதால் 'இரு சகோதரர்களின் தொகுப்பு' என்று பொருள்படும் பெயர் அதற்கு. நீங்கள் புரட்டிய கைடு புத்தகங்களுக்கெல்லாம் மூத்த உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1841ல் தேறி, மைன்புரியில் முன்சீப் ஆனார்.

அப்புறம் டிரான்ஸ்ஃபர்தான். 1842ல் ஃபதேபூர் சிக்ரி, 1846ல் டெல்லி, 1855ல் பிஜ்னோர், 1858ல் மொராதாபாத், 1862ல் காஜிப்பூர், 1864ல் அலிகர், 1867ல் பனாரஸ். 1876ல் ஓய்வு. 38 வருஷப் பணி. இந்த ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் அவர் எழுதிய, பதிப்பித்த நூல்களை எழுதிப் பாருங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு ஊரிலும் ஒரு வேலை நடந்திருக்கும். ஓய்வு பெற்றபின் சாவகாசமாக எழுதியவை அல்ல அவை. பகலெல்லாம் வாய்தா போட்டு, சாட்சி விசாரித்து, தீர்ப்பு எழுதிவிட்டு, மிச்ச நேரத்தில் செய்தவை.

டெல்லிக்கு அவர் மாறுதல் கேட்டு வந்ததே துக்கத்தில்தான். 1845ல் அண்ணன் சின்ன வயதிலேயே இறந்துபோனார். அம்மா தனியாக இருந்தார். பிறந்த ஊருக்கு முன்சீப்பாகத் திரும்பியவர், விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியே இடிந்து கிடந்த கோட்டைகளையும் கல்லறைகளையும் தேடிப் போக ஆரம்பித்தார். கூடவே மௌலானா இமாம் பக்ஷ் சஹ்பாய். பாரசீகப் பண்டிதர், டெல்லி கல்லூரி ஆசிரியர், உயிர் நண்பர்.

குதுப் மினாரை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கோபுரத்தைச் சுற்றிப் பட்டை பட்டையாகக் கல்லெழுத்து ஓடும். கீழே இருப்பதைக் கிட்டே போய்ப் படிக்கலாம். மேலே இருப்பதைத் தரையிலிருந்து படிக்க முடியாது. சையது அகமது என்ன செய்தார் தெரியுமா? இரண்டு நீள மரங்களை நட்டு, நடுவே கல்வெட்டு இருக்கும் உயரத்துக்கு ஒரு கூடையைக் கட்டித் தொங்கவிடச் செய்தார். அதற்குள் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். காற்றில் ஆடும் கூடையில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் படி எடுத்தார். கீழே நிற்கிற சஹ்பாய்க்கு மேலே பார்க்கவே பயம். முகம் வெளிறிப் போய்விடுமாம். உருதுக் கவிஞர் ஹாலி எழுதிய சையது அகமதின் வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. எனக்கு இந்தக் காட்சி மனப்பாடம். அந்தரத்தில் ஒரு முன்சீப், கையில் எழுதுகோல். தரையில் ஒரு கவிஞர், நெஞ்சில் கை.

அந்த உழைப்பு 1847ல் 'ஆஸார்-உஸ்-சனாதீத்' என்ற நூலாக வந்தது. முன்னே வாழ்ந்த பெரியவர்களின் தடயங்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்லலாம். அண்ணன் நடத்திய பத்திரிகையின் அச்சகத்தில் அச்சிட்டது. ஃபைஸ் அலி கான், மிர்சா ஷாருக் பேக் என்ற இரண்டு ஓவியர்களைக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வரைய வைத்தார். இந்தியத் தொல்லியல் துறை தொடங்கியது 1861ல். அதற்குப் 14 வருஷம் முன்பே, இந்த வேலைக்கென்று யாரும் சம்பளம் தராத காலத்தில், ஒரு முன்சீப் தன் லீவு நாளில் செய்த வேலை இது.

முதல் பதிப்பின் நாலாம் அத்தியாயம்தான் என்னைக் கட்டிப்போட்டது. முதல் மூன்றில் கட்டடங்கள், கோட்டை, நகரம். நாலாவதில் மனிதர்கள்! அன்று டெல்லியில் உயிரோடு இருந்த, அண்மையில் மறைந்த அறிஞர்கள், ஹக்கீம்கள், சூஃபிகள், கவிஞர்கள், எழுத்தணிக் கலைஞர்கள், பாடகர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். பெரும் உருதுக் கவிஞர்களான காலிப் இருக்கிறார், மோமின் இருக்கிறார், சவுக் இருக்கிறார், கூடைக்குக் கீழே நின்ற சஹ்பாயும் இருக்கிறார்.

அன்றைய டெல்லி கலெக்டர் ராபர்ட்ஸ் இந்த நூலை லண்டனுக்குக் கொண்டுபோய் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியில் காட்டினார். அங்கே மதிப்பு கிடைத்தது. ஆங்கிலத்தில் கொண்டுவரலாம் என்று பேச்சு வந்தது. அதற்காக உட்கார்ந்து பார்த்தபோதுதான் தன் நூலின் குறைகள் சையது அகமதுக்குத் தெரிந்தன. காலவரிசையைச் சரிபார்த்து, ஆதாரம் சேர்த்து, நடையைச் சுத்தமாக மாற்றி 1854ல் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார். ஆய்வு நூல் என்ற முறையில் அது மேலானது. பிரெஞ்சு அறிஞர் கார்சன் தெ தாசி பிரெஞ்சில் மொழிபெயர்த்தார், 1864ல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி சையது அகமதைக் கௌரவ உறுப்பினராக்கியது. எல்லாம் சரி. ஆனால் இரண்டாம் பதிப்பில் அந்த நாலாம் அத்தியாயம் இல்லை. மனிதர்களை எடுத்துவிட்டார். எடுத்திருக்கவே கூடாது என்பது என் கட்சி. மூன்றே வருஷத்தில் 1857 கிளர்ச்சி வந்தது. சஹ்பாயையும் அவருடைய மகன்களையும் ஆங்கிலேயப் படை சுட்டுக் கொன்றது. கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் இடைப்பட்ட தெருக்களை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அக்பராபாதி மசூதி போனது. செங்கோட்டைக்குள் இருந்த அரண்மனையின் பெரும்பகுதி போனது. இன்றைக்கு அக்பராபாதி மசூதி எப்படி இருந்தது என்று தெரியவேண்டுமானால் 'ஆஸார்' நூலின் படத்தைப் பார்க்கலாம். அந்தத் தெருக்களில் நடமாடிய முகங்களைத் தெரிந்துகொள்ள, அவரே வேண்டாம் என்று நீக்கிய நாலாம் அத்தியாயத்துக்குப் போகவேண்டும்.

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு கோர்ட்டில் பழைய கட்டுகளை அழிக்கும் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தோம். ரெக்கார்டு ரூம் தூசியில் ஒரு ஏரிப் பாசன வழக்கின் கட்டு கையில் வந்தது. உள்ளே துணி ஒட்டிய ஒரு வரைபடம். கமிஷனராக நியமிக்கப்பட்ட யாரோ ஒரு வக்கீல் கைப்பட வரைந்தது. கரைக்குச் சிவப்பு மை, வாய்க்காலுக்கு நீலம். ஏழு மடைகள், ஏழுக்கும் பெயர். ஒன்று 'வண்ணாத்தி மடை', இன்னொன்று 'பிள்ளை வரம் கேட்ட மடை'. மற்ற ஐந்தும் எனக்கு மறந்துவிட்டன. சனிக்கிழமை வந்து படி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை வீட்டில் ஏதோ வேலை. அடுத்த வாரம் கட்டுகள் லாரியில் ஏறிவிட்டன. விதிப்படிதான் எல்லாம் நடந்தது, யார் மேலும் தப்பு இல்லை. பல வருஷம் கழித்து அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் மடைகளின் பழைய பெயர் கேட்டு கோர்ட்டுக்கே வந்தார். இரண்டு பெயர்தான் சொல்ல முடிந்தது. அவர் அந்த இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

சையது அகமதுக்கும் இழப்பு உண்டு. அக்பர் காலத்து ஆட்சியை விவரிக்கும் 'ஐன்-இ-அக்பரி'யைப் பல பிரதிகள் ஒப்பிட்டுச் செம்பதிப்பாகக் கொண்டுவந்தார். அதற்கு முன்னுரை கேட்டு காலிபிடம் போனார். காலிப் பாரசீகத்தில் செய்யுளாகவே எழுதிக் கொடுத்தார். ஆனால் பாராட்டு இல்லை அது. செத்ததை வளர்ப்பது நல்ல வேலையா, நீராவிக் கப்பலையும் தந்தியையும் செய்திருக்கிற வெள்ளைக்காரனைக் கண் திறந்து பாருங்கள் என்கிற பொருளில் இருந்தது. சையது அகமது அதைப் புத்தகத்தில் சேர்க்கவில்லை. மனம் நொந்திருப்பார். ஆனால் பிற்காலத்தில் அறிவியல் சங்கம் தொடங்கி ஆங்கில நூல்களை உருதுவில் கொண்டுவந்த மனிதரைப் பார்க்கும்போது, காலிபின் சொல் எங்கோ உள்ளே போய்த் தங்கியிருந்தது என்றே நினைக்கிறேன். அந்தப் பதிப்பின் இரண்டாம் பாகம் அச்சகத்தில் இருக்கும்போதே 1857 கலவரத்தில் அழிந்துபோனது. இன்றும் ஒன்றும் மூன்றும்தான் உண்டு.

1857 மே மாதம் அவர் பிஜ்னோரில் சதர் அமீன், அதாவது முன்சீப்புக்கு மேற்பட்ட நீதிபதி. கலெக்டர் ஷேக்ஸ்பியரும் அங்கிருந்த ஐரோப்பியக் குடும்பங்களும் உயிரோடு வெளியேற, நஜீபாபாத் நவாப் மகமூத் கானிடம் பேசி வழி செய்தவர் இவர். கஜானாப் பணத்தைக் கிணற்றில் போட்டார்கள். ஊர் ஊராக ஓடி ஒளிந்து மீரட் வந்து சேர்ந்தார். இத்தனைக்கும் நடுவில் குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மறுவருஷமே பிஜ்னோர் மாவட்டக் கிளர்ச்சியின் வரலாற்றை எழுதினார். யார் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தார்கள், யார் யாருக்கு என்ன கடிதம் எழுதினார்கள் என்று ஆவணங்களை அப்படியே எடுத்துச் சேர்த்திருக்கிறார். ஒரு கோர்ட்டு அதிகாரியின் கை அதில் தெரிகிறது. அதே சமயம் நவாபை 'நா-மகமூத்' கான் என்று பெயரைத் திருப்பித் திட்டுகிறார். மகமூத் என்றால் புகழத்தக்கவர். இவர் அதற்கு எதிர்ப்பதம் போடுகிறார். அரசு விசுவாசத்தில் எழுதிய எழுத்து அது, அதை மறைத்துச் சொல்லமாட்டேன். எதிர்த் தரப்பின் வழக்கை அந்த நூலில் நீங்கள் வேறு கண்ணோடுதான் தேடவேண்டும்.

செப்டம்பரில் டெல்லி ஆங்கிலேயர் கையில் விழுந்தபின் அம்மாவைத் தேடிப் போனார். சொந்த வீடு சூறையாடப்பட்டிருந்தது. அம்மாவும் சித்தியும் குதிரைக்காரனின் குடிசையில் ஒளிந்திருந்தார்கள். குதிரைக்கு வைத்திருந்த தானியத்தைத் தின்று உயிர் பிழைத்திருந்தார்கள். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. கோட்டைக்கு ஓடி ஒரு கூஜாத் தண்ணீர் வாங்கி வந்தார். வழியில் அவர்கள் வீட்டுப் பழைய வேலைக்காரக் கிழவி, பானையும் கிண்ணமுமாகத் தண்ணீர் தேடி வந்து தெருவிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தண்ணீர் ஊற்றினார். எனக்கு வேண்டாம், பேகத்துக்குக் கொண்டுபோ என்று கிழவி கையைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் இறந்துவிட்டார். அம்மாவை மீரட்டுக்கு அழைத்து வந்தார். சில வாரத்தில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். மாமாவும் மாமா மகனும் கொல்லப்பட்டிருந்தார்கள், கொன்றது இவர் யாருக்காக உயிரைப் பணயம் வைத்தாரோ அந்தத் தரப்பு.

இந்த மனிதர்தான் 1859ல் மொராதாபாத்தில் உட்கார்ந்து, கலகத்துக்குக் காரணம் அரசாங்கமே என்று உருதுவில் ஒரு புத்தகம் எழுதினார். 'அஸ்பாப்-இ-பகாவத்-இ-ஹிந்த்', இந்தியக் கலகத்தின் காரணங்கள் என்று பொருள். சட்டம் செய்யும் சபையில் ஒரு இந்தியன்கூட இல்லை, மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அதன் நடுநாடி. யார் யாரையோ தூக்கில் போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. 500 பிரதி அச்சிட்டார். நண்பர்கள் பதறினார்கள். சங்கர் தாஸ் என்ற முன்சீப் நண்பர், எல்லாவற்றையும் எரித்துவிடு, உயிரைக் காப்பாற்றிக்கொள் என்று கெஞ்சினார். சையது அகமது இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, ஒரு பிரதியை இந்திய அரசுக்கும், கையில் வைத்துக்கொண்ட சிலது போக மற்றதை லண்டனுக்கும் அனுப்பிவைத்தார். ஊரில் விற்கவில்லை, யாரையும் தூண்டவில்லை. சொல்லவேண்டியவனிடம் நேராகச் சொன்னார். அரசுச் செயலாளர் செசில் பீடன் கொதித்தார். கவர்னர் ஜெனரல் கேனிங் நல்லெண்ணத்தில் எழுதியது என்று விட்டுவிட்டார். 1861ல் இந்திய கவுன்சில்கள் சட்டம் வந்து இந்தியர்களுக்கு அந்தச் சபையில் இடம் கிடைத்ததற்கு இந்தப் புத்தகம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

நடத்தை விதிகளை மீறச் சொல்கிறேனா என்று நினைக்காதீர்கள். அவர் செய்ததைப் பாருங்கள்: வாங்கும் சம்பளத்துக்கு வேலையும் குறையவில்லை, பார்த்த உண்மையையும் விழுங்கவில்லை.

அவருடைய உருதுவைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஆஸார்' முதல் பதிப்பு அடுக்குமொழியும் எதுகையுமாக அலங்கார நடை. அதில் சஹ்பாயின் கை உண்டு என்று ஹாலி சொல்கிறார். இரண்டாம் பதிப்பிலும், பிறகு 1870ல் தொடங்கிய 'தஹ்சீப்-உல்-அக்லாக்' இதழிலும் அந்த நகையெல்லாம் கழன்றுவிட்டது. மனதில் இருப்பது அப்படியே அடுத்தவன் மனதில் போய் உட்காரவேண்டும், அதற்கு எது போதுமோ அதுவே நடை என்று எழுதினார். இந்த மாற்றத்துக்கு இலக்கியக்காரர்கள் பல காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. வட இந்தியக் கோர்ட்டுகளில் பாரசீகத்தை எடுத்துவிட்டு மக்கள் மொழியைக் கொண்டுவர 1837ல் சட்டம் வந்தது. சரியாக அடுத்த வருஷம் இவர் வேலைக்குச் சேர்கிறார். உழவனும் வணிகனும் விதவையும் சாட்சிக் கூண்டில் நின்று உருதுவில் சொன்னதை ஆயிரக்கணக்கான நாட்கள் காதால் கேட்டவர். வாக்குமூலத்தில் எதுகை வராது. 33 வருஷம் வாக்குமூலங்களோடு இருந்தவன் சொல்கிறேன், அது ஒருவனுடைய நடையைக் கழுவிவிடும்.

1875ல் அலிகரில் பள்ளி, 1877ல் கல்லூரிக்கு அடிக்கல், சர் பட்டம், 1898ல் மரணம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். காங்கிரசை அவர் எதிர்த்ததும் தெரியும். உயர்குடிப் பிறப்பு பற்றிய அவருடைய எண்ணங்களையும், பெண்களுக்குப் புதுக் கல்வி இப்போது வேண்டாம் என்று அவர் சொன்னதையும் என்னால் ஏற்கவே முடியாது. லட்டு கொண்டுவந்த பெண்ணிடம் இதையும் சொல்வேன். அப்படியிருந்தும் அந்தக் கூடையை என்னால் மறக்க முடியவில்லை.

சரி, உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்களுக்கும் டிரான்ஸ்ஃபர் வரும். பேர் தெரியாத தாலுகாவில் போடுவார்கள். அழுதுகொண்டே போவீர்கள், நானும் அப்படித்தான் போனேன். போன முதல் மாதமே ஒரு நோட்டு வாங்குங்கள். அலுவலக ரகசியம் எதுவும் அதில் வேண்டாம். எல்லாரும் பார்க்கக்கூடியதையே எழுதுங்கள், ஏனென்றால் எல்லாரும் பார்ப்பதைத்தான் யாரும் எழுதிவைப்பதில்லை. ஜமாபந்திக்கு வருகிற கிழவர் தன் நிலத்தின் பெயரை என்னவென்று சொல்கிறார், மதகுக் கல்லில் என்ன வெட்டியிருக்கிறது, அந்த ஊரில் கடைசியாகப் பத்திரம் எழுதிய கை யாருடையது, கூத்துக்கு யார் வேஷம் கட்டுகிறார். கட்டடத்தோடு மனிதர்களையும் எழுதுங்கள். அடுத்த பதிப்பில் அவர்களை எடுத்துவிடாதீர்கள். மாறுதல் வந்து பொறுப்பை ஒப்படைக்கும் நாளில், ஒரு நகலை அந்த ஊர் நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பழைய பத்திரத்தின் கையெழுத்து புரியவில்லை, பசலியை ஆங்கில வருஷமாக மாற்றத் தெரியவில்லை, கட்டில் கிடைத்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள். கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமைகளில் நான் எங்கேயும் போவதில்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு சிரஸ்தார்